ஏரிக்கரை ‘அணைச்சிடு’

பௌர்ணமி நிலவை முகத்துக்கு நேராகத் திட்டிய மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். “வந்துட்டான் பாரு, தட்டத்தைத் தூக்கிக்கினு” என்பார். நிலவு வளர வளர அவர் முகம் சுண்டும். பௌர்ணமியன்று சாவு வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பார். தேய ஆரம்பித்ததும் ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். அமாவாசைக்கு ஊரெல்லாம் விரதம் இருந்தது. அவர் சவரம் செய்துகொண்டார்.

பாகூர் ஏரியின் மதகுக்காரர் அவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். ஏரித் தண்ணீரை வயல்காரர்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடுவது வேலை. தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை இரவெல்லாம் நடக்கும். இரவில் நேரம் சொல்ல நட்சத்திரம்தான். மாசி மாதத்தில் திருவாதிரை உச்சிக்கு வந்தால் ஒருவர் முறை தொடங்கும். மகம் உச்சிக்கு வந்தால் அவர் முறை முடிந்து அடுத்தவர் முறை. சித்திரை உச்சிக்கு வந்தால் மூன்றாமவர். மதகில் இரண்டு கல்தூண்கள் உண்டு. அவற்றுக்கு நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, நட்சத்திரம் தன் மூக்குக்கு நேரே வருகிறதா என்று பார்ப்பார். அந்த மூக்கை நம்பித்தான் ஏரிக்குக் கீழே அத்தனை வயல்களும் இருந்தன.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊர் வைத்த பெயர் ‘அணைச்சிடு’. கரைமேல் யார் லாந்தரோடு வந்தாலும் இருட்டுக்குள்ளிருந்து அந்த ஒரு சொல்தான் வரும். பேயா ஆளா என்று யோசிப்பதற்குள் இரண்டாம் தடவை வரும். மூன்றாம் தடவை சொல் வராது. ஈரக் களிமண் உருண்டை வரும். அது கண்ணாடிச் சிம்னியைத் தவறவிட்டதாக வரலாறு இல்லை.

பகலில் அவர் வேறு மனிதர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். என்னைப் போன்ற சாதாரணக் குமாஸ்தாவைக்கூட நீங்க, வாங்க என்பார். இருட்டிய பிறகு கரைமேல் எல்லோரும் நீ, வா, போதான். கொம்யூன் தலைவரான மேர் அய்யாவே ஒரு தடவை ஏரியைப் பார்வையிட வந்து, விளக்கை அணைத்துவிட்டுக் கால்வாயில் இறங்கிவிட்டார். தூக்கிவிட்ட கை, “கண்ணு பழுக்கறதுக்குள்ள நடந்தா இப்படித்தான்” என்று கண்டித்ததாம்.

கண் பழுப்பது என்பது அவருடைய சாஸ்திரம். விளக்கை விட்டு வந்த கண் பிஞ்சு. அதில் நாற்பது ஐம்பது நட்சத்திரம் தெரியும். பேசாமல் அரை மணி நேரம் இருட்டில் இருந்தால் கண் பழுக்கும். அப்போது வானத்தில் விரல் வைக்க இடம் இருக்காது.

ஒரு முறை பூரணாங்குப்பத்துப் பக்கமிருந்து ஒரு கல்யாண ஊர்வலம் காஸ் லைட்டும் மேளமுமாகக் கரைவழியே வந்தது. மகம் உச்சிக்கு வரும் நேரம். அணைச்சிடு குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். முறை மாறும்போது வெளிச்சம் அடித்தால் நட்சத்திரம் தெரியாது, தெரியாவிட்டால் நாளைக்குக் கீழே வெட்டுக்குத்து நடக்கும் என்றார். நியாயம்தான். லைட்டுகளை அணைத்தார்கள். மேளம் நின்றது. மாப்பிள்ளையின் மாமா ஒரு செருப்பைத் தொலைத்தார். எல்லோரும் எரிச்சலோடு நின்றார்கள். பிறகு சும்மா நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். மதகைத் திருப்பிவிட்டு வந்து போகலாம் என்று அவர் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் யாரும் நகரவில்லையாம். மாப்பிள்ளையின் தகப்பனார் மட்டும், “இவ்ளோ இருக்குதா” என்று கேட்டாராம். அறுபது வயது மனிதர்.

நான் அவரைச் சந்தித்த கதை இவ்வளவு வேடிக்கையானது அல்ல.

பாகூர் கொம்யூன் அலுவலகத்தில், ஊரார் மேரி என்று சொல்லும் கட்டடத்தில், நான் பிறப்பு இறப்பு எழுதும் குமாஸ்தா. அந்த ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் என் மனைவி போய்விட்டாள். அலுவலகத்தில் வேறு குமாஸ்தா கிடையாது. அவள் பெயரை, தகப்பன் பெயரை, வயதை, நானே பதிவேட்டில் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

வீட்டில் படுக்க முடியாமல் ஒரு நாள் இரவு லாந்தரை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். காற்று வாங்கப் போனதாக மறுநாள் பக்கத்து வீட்டில் சொன்னேன். எதற்குப் போனேன் என்பது எனக்குத் தெரியும். மதகுப் படியில் இரண்டு படி இறங்கியிருப்பேன். இருட்டுக்குள்ளிருந்து அந்தச் சொல் வந்தது.

அணைத்தேன்.

“இப்ப நகராத. நகர்ந்தா வுழுந்துடுவ. அப்படியே குந்து.”

குந்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொஞ்சம் தெரிந்தது. பிறகு நிறுத்தவே முடியாமல் தெரிய ஆரம்பித்தது. மேலே ஒரு வானம், ஏரித் தண்ணீரில் ஒரு வானம், நடுவில் படிக்கட்டில் நான். அவர் என்னை யார் என்று கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஊர்க்காரர்களைப் பற்றி வம்பு பேசுவது போல நட்சத்திரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திருவாதிரை கோபக்காரன், முகத்தைப் பார்த்தாலே தெரியும். சித்திரை நல்ல குடும்பத்துப் பெண், தெற்கே ஒதுங்கி அடக்கமாகப் போவாள். மகம் பொறுப்பான ஆள், நம் ஊருக்கு நேர் உச்சியில் நின்று விசாரித்துவிட்டுத்தான் போவான். கிளம்பும்போது மட்டும் என்னிடம் ஒன்று சொன்னார்.

“நாளைக்கும் வா. நாளைக்கு இன்னும் தேவலாமா இருக்கும்.”

போனேன். உண்மையாகவே தேவலாமாக இருந்தது. அதன்பின் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு வானம் பார்ப்பது எனக்குச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. இந்த இடத்தில் ஒரு வெட்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மழை பொய்த்த வருஷம். கார்த்திகையில் கொட்ட வேண்டிய வானம் கழுவித் துடைத்த மாதிரி கிடந்தது. கீழே பயிர் வாடிற்று. மேலே அப்படி ஓர் அழகை நாங்கள் பார்த்ததே இல்லை. அவர் சில நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்து உட்கார்வார். சோற்றைத் திருடித் தின்றவர் போல இருக்கும் முகம்.

மாசியில் ஏரி பாதிக்கும் கீழே போய்விட்டது. முறைக்குச் சண்டை வலுத்தது. ஏரிச் சங்கம் ஒரு விதி போட்டது: தன் நேரத்துக்கு மேல் தண்ணீர் எடுத்தவருக்கு அடுத்த முறை கிடையாது.

மேலைப் பண்ணையார் அப்போதுதான் புதுச்சேரிக்குப் போய்ச் சங்கிலி போட்ட கடிகாரம் ஒன்று வாங்கி வந்திருந்தார். நட்சத்திரத்தின் மேல் அவருக்குச் சந்தேகம். ஒரு நாள் கடிகாரத்தோடு கரைக்கே வந்துவிட்டார். லாந்தரை அணைக்கச் சொன்னார் அணைச்சிடு. அணைத்தால் கடிகாரம் தெரியவில்லை. ஏற்றினால் களிமண் வந்தது. விளக்கில்லாமல் கடிகாரத்தைப் பார்க்க முடியாது, விளக்கோடு பார்க்க அணைச்சிடு விடமாட்டார். பண்ணையார் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வீடு திரும்பினார்.

பண்ணையாருக்கு முந்தைய முறை பச்சையம்மாளுடையது. அவள் கணவன் மார்கழியில் செத்துப்போனான். அதை எழுதியதும் நான்தான். இரண்டு பெண் குழந்தைகள், அரைக்காணி நிலம். நிலம் கடைமடை, கால்வாயின் கடைசி முனை. கால்வாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மதகில் திறந்த தண்ணீரை வழியெல்லாம் வெடிப்பு குடித்தது போக, அவள் வயலுக்கு வாய் நனையும் நேரத்தில் முறை முடிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். கணக்கில் குற்றம் சொல்ல முடியாது.

பச்சையம்மாள் முறை நடந்த ஓர் இரவு, வழக்கம்போல இரண்டு தூண்களுக்கும் நடுவில் அவர், பக்கத்தில் நான். மகம் ஏறி வந்தது. நேர் உச்சியில் நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

“மகம் வந்துடுச்சு” என்றேன்.

“தெரியுது.”

கால்வாயில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

“கடைமடைக்கு இப்பதான் போய்ச் சேர்ந்திருக்கும்” என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இருட்டில் அவர் கண்ணை மூடி நான் பார்த்தது அன்றுதான். நானும் மூடிக்கொண்டேன். அவர் எழுந்து மதகைத் திருப்பியபோது மகம் மேற்கே நன்றாகச் சாய்ந்திருந்தது.

விடிந்ததும் பண்ணையார் மேரிக்கு வந்துவிட்டார். வீட்டுக்குள்ளிருந்தே கடிகாரத்தைப் பார்த்து, தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதித்து வந்ததைக் கண்டுபிடித்திருந்தார். மேர் அய்யா விசாரணை வைத்தார். பச்சையம்மாள் வாசலில் குழந்தைகளோடு நின்றாள். அடுத்த முறை போனால் அவள் பயிர் போயிற்று. கதிர் வாங்கும் பருவம்.

மகம் வந்தது தெரிந்தும் விட்டாயா என்று மேர் அய்யா கேட்டார். அணைச்சிடு துண்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் சங்கடம் எனக்கு மட்டும் புரிந்தது. தெரிந்தே விட்டேன் என்றால் அவளுக்கு முறை போகும். மகம் பிந்தி வந்தது என்றால் அவள் தப்புவாள். ஆனால் அதைச் சொல்ல அவர் வாய் திறக்காது. பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொல்லச் சொன்னாலாவது யோசித்திருப்பார்.

குமாஸ்தாவும் ராத்திரி கரையில்தான் கிடப்பார், அவரைக் கேளுங்கள் என்றார் பண்ணையார். மேர் அய்யா என் பக்கம் திரும்பினார்.

“மகம் தாமதமாத்தான் வந்துது ஐயா” என்றேன்.

“நட்சத்திரம் தாமதமா வருமா?”

“அன்னைக்கு வந்துது.”

என் குரல் கோணவில்லை. மேர் அய்யா வெகு நேரம் மோவாயைத் தடவினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். நட்சத்திரம் பிந்தியதற்குப் பச்சையம்மாள் பொறுப்பல்ல. அவள் முறை அப்படியே இருக்கும். ஆனால் இஷ்டப்பட்ட நேரத்துக்கு வருகிற நட்சத்திரத்தை நம்பிக் கொம்யூன் நடக்க முடியாது. இனிமேல் மதகில் கடிகாரம் வைத்து நேரம் பார்க்கப்படும். கடிகாரம் பார்க்கத் தெரிந்தவர் மதகுக்காரராக இருப்பார். அது பண்ணையாரின் மருமகன்.

இப்படியாக, அவரைக் காப்பாற்றுவதற்காக நான் சொன்ன பொய்யால் அவர் வேலை போயிற்று.

வெளியே ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். வேலை போனதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

“என்னைச் சொல்லியிருக்கலாமே. தூங்கிட்டான், குடிச்சிட்டான், இன்னா வேணா சொல்லியிருக்கலாமே. வாயில்லாத மகத்தப் போயி சொல்லிட்டியே.”

பட்டப்பகலில், நடுத்தெருவில், என்னை ‘நீ’ என்றார். கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டார்.

கடிகாரத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊசல் ஆடுகிற சுவர்க் கடிகாரம். அதை மதகின் பக்கத்துப் பனைமரத்தில் பெட்டிக்குள் வைத்து அடித்தார்கள். ஏரிக்காற்றில் மரம் ஆடியது, மரத்தோடு ஊசலும் ஆடியது. சில இரவுகளில் ஒரு மணி நேரம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. பனி இறங்கிற்று. எறும்பு குடியேறிற்று. ஒரு பல்லி பெரிய முள்ளின் மேல் உட்கார்ந்ததில், மூன்று இரவுகள் பாகூர் ஏரியில் மணி ஒன்பதரையைத் தாண்டவில்லை. மருமகன் யாருக்கும் தெரியாமல் கரும்புத் தோட்டத்துக்கு ஓடினான். அங்கேதான் அணைச்சிடு காவலுக்குச் சேர்ந்திருந்தார். அவனை அரை மணி நேரம் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு நேரம் சொல்லி அனுப்பினாராம். அதன்பின் கடிகாரம் பனைமரத்தில் தொங்கியது. முறை பழையபடி மகத்தின் பேரில் மாறியது. சம்பளம் மட்டும் மருமகனுக்கு.

நானும் இரண்டு தடவை கரும்புத் தோட்டத்துக்குப் போனேன். அணைச்சிடு என்ற சொல்கூட வரவில்லை. லாந்தரோடு வரப்பில் நின்றேன், எரியட்டும் என்று விட்டுவிட்டார். அதைவிடக் களிமண்ணால் அடித்திருக்கலாம். திரும்பிவிட்டேன். பழையபடி தூக்கம் போயிற்று. ஆனால் ஏரிப் படிக்கு நான் போகவில்லை. என்ன இருந்தாலும் ஒரு மனிதர் என்மேல் கோபமாக இருந்தார். அதைத் தீர்க்காமல் போவது முறையாகப் படவில்லை.

சித்திரையில் ஒரு நாள் காலை அவர் மேரிக்கு வந்தார். இடுப்பில் துண்டு. என் மேஜைக்கு எதிரே ஒதுங்கி நின்றார்.

“பச்சையம்மா வூட்டுக்கு நெல்லு போய்ச் சேர்ந்துடுச்சுங்க. ஆறு மூட்டை.”

சந்தோஷம் என்றேன்.

“இனிமே யாரும் அவ முறைய நிறுத்த முடியாதுங்க. அத்த இப்ப மாத்தி எழுதிடுங்க.”

எதை என்று கேட்டேன். விசாரணைப் புத்தகத்தில் மகம் தாமதித்தது என்று எழுதியிருக்கிறதே, அதை என்றார். அந்தப் புத்தகம் எத்தனை காலம் இருக்கும் என்று கேட்டார். கட்டடம் இருக்கிறவரை இருக்கும் என்றேன். “அதுக்குத்தான்” என்றார்.

நான் பொய்ச் சாட்சி சொன்னதாக நானே எழுத வேண்டும். எழுதினால் பக்கத்தில் மேர் கையெழுத்து வேண்டும். என் வேலை போகலாம். அதற்கு மேலும் போகலாம். அவரைப் பார்த்தேன். தனக்கு வேலை போனதற்காக ஒரு நாளும் இந்தக் கட்டடத்துக்கு வராத மனிதர். புத்தகத்தை எடுத்தேன்.

புத்தகம் பிரெஞ்சில். மகத்துக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. பிரெஞ்சு எழுத்திலேயே மகம் என்று எழுதினேன். அன்றிரவு அந்த நட்சத்திரம் தன் நேரத்துக்குச் சரியாக வந்து நின்றது என்றும், தாமதம் நட்சத்திரத்தினுடையது அல்ல, சாட்சி சொன்ன குமாஸ்தாவினுடையது என்றும் ஓரத்தில் எழுதினேன். எழுத்து கோணிற்று. அவர் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் காதைக் கொடுத்துக் கேட்டு, ‘மகம்’ என்று வந்த இடத்தில் தலையை ஆட்டினார். பிறகு தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

மேர் அய்யா எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். அந்த நம்பிக்கையில்தான் புத்தகத்தை நீட்டினேன். அன்றைக்கென்று மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். வாசித்தார். என்னைப் பார்த்தார். கதவு வழியாக வராந்தாவில் நின்ற மனிதரைப் பார்த்தார்.

“அந்தப் பொம்பளைக்கு அறுப்பு முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது ஐயா.”

கையெழுத்துப் போட்டார். ஆனால் அணைச்சிடுவுக்கு மதகு வேலையைத் திருப்பித் தரவில்லை. பண்ணையாரைப் பகைத்துக்கொள்கிற தைரியம் அந்தக் கையெழுத்தோடு தீர்ந்துவிட்டது போலும். அணைச்சிடு கடைசிவரை கரும்புக் காவல்காரராகவே இருந்தார். பச்சையம்மாளின் வயல் அடுத்த வருஷமும் கடைமடைதான்.

வராந்தாவில் அவரிடம் கையெழுத்தைக் காட்டினேன். மையில் விரல் படாமல் தடவிப் பார்த்தார்.

“ராத்திரி வந்துடு. நெலா இல்ல” என்றார்.

சித்திரையில் மகம் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே உச்சிக்கு வந்துவிடும். போனபோது தோட்டத்து ஓரத்தில் மல்லாந்து கிடந்தார். எழுந்து, பக்கத்தில் கிடந்த வைக்கோலை அள்ளி உதறி, முள் இருக்கிறதா என்று கையால் துழாவிப் பார்த்துவிட்டு, என் உயரத்துக்குப் பரப்பினார். என்னை மன்னித்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. அதற்காகப் படுக்கை போட்டுக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.